டைப் ஆர் கம்ப்யூட்டரை மாட்டினால் சிவிக் பறக்குமா?

சுங்கை சிப்புட் பக்கம் பழைய ஹோண்டா சிவிக் வைத்திருக்கும் பையன்களோடு உட்கார்ந்து பேசினால் சீக்கிரமே இந்தக் கேள்வி வந்துவிடும்: “அண்ணே, ஈப்போவுல ஹாஃப்கட் கடையில டைப் ஆர் ஈசியு இருக்காம், நம்ம காடியில போட்டா எவ்வளவு ஏறும்?” ஹாஃப்கட் கடை என்றால் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த கார்களின் சாமான் விற்கிற இடம். கேட்கிற தம்பியின் காரில் டைப் ஆர் (ஹோண்டாவின் வேகமான சிறப்பு வகை) எஞ்சின் இருக்காது. ஒன்று சாதாரண 1.6 இருக்கும், இல்லையென்றால் எவரோ முன்பு மாற்றிப் போட்ட எஸ்ஐஆர் (டைப் ஆருக்கு ஒரு படி கீழே உள்ள வேகமான சிவிக்) எஞ்சின் இருக்கும். சுருக்கமான பதில், அனேகமாக ஒன்றும் ஏறாது, சில நேரம் எஞ்சினே போய்விடும். ஏன் என்று புரிய வேண்டுமானால் ஈசியு என்கிற அந்த எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்டி உள்ளே என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். கஷ்டமான விஷயம் இல்லை, ஒயரிங் தெரியாதவருக்கும் புரியும்.

ஈசியு என்பது முன் பயணி கால் வைக்கும் பக்கத்தில் ஒளிந்திருக்கும் தட்டையான உலோகப் பெட்டி. உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு, ஒரு பிராசஸர், கொஞ்சம் மெமரி. அதன் முக்கிய வேலை இரண்டே இரண்டுதான்: பெட்ரோல் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் எத்தனை மில்லிசெகண்ட் திறப்பது, ஸ்பார்க்கை எப்போது அடிப்பது. மற்றதெல்லாம் (அதிகச் சுற்றில் வால்வுகளை இன்னும் அகலமாகத் திறக்க வைக்கும் விடெக், ஐடில், பெட்ரோல் பம்ப், செக் எஞ்சின் விளக்கு) இதற்குப் பிறகு. இந்த இரண்டையும் அது யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று, இன்டேக்கில் காற்றழுத்தம் எவ்வளவு என்று சென்சர்களிடமிருந்து வாங்கிக்கொண்டு, தொழிற்சாலையில் எழுதி வைத்த ஒரு அட்டவணையில் அந்தக் கட்டத்தைத் தேடி, அங்கே இருக்கும் எண்ணை எடுக்கிறது. தண்ணீர்ச் சூடு, காற்றின் சூடு, த்ராட்டில் இதையெல்லாம் வைத்து லேசாகத் திருத்திக்கொள்கிறது. 8,000 சுற்றில் எஞ்சினின் நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய 15 மில்லிசெகண்ட்தான் ஆகும், அதற்குள் இவ்வளவும் நடந்தாக வேண்டும்.

தோட்டத்து ஆபிஸ் கிராணியை நினைத்துக்கொள்ளுங்கள், வெளிக்காட்டுக்கே போகாமல் செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துச் சம்பளம் போடுகிறவர். பக்கத்து டிவிஷன் செக்ரோலை அவர் மேசையில் வைத்துவிட்டால் அதையும் பார்த்து அதே கவனத்தோடு போட்டுக்கொண்டுதான் இருப்பார். ஈசியுவும் அப்படித்தான். தன் முன்னால் ஓடுவது எந்த எஞ்சின் என்று அதற்குத் தெரியவே தெரியாது.

இப்போது அந்தக் குடும்பத்தைப் பார்ப்போம். ஹோண்டாவின் விடெக் எஞ்சின் முதலில் வந்தது 1989-இல், இன்டெக்ராவில், பி16ஏ என்ற 1,595 சிசி எஞ்சினாக, 160 குதிரை சக்தியோடு. 1991-இல் வந்த சிவிக் எஸ்ஐஆரில் (ஈஜி6 என்பது அதன் பாடிக் குறியீடு) அதே பி16ஏ 170 ஆனது, அந்தச் சக்தி 7,800 சுற்றில்தான் முழுதாக வரும். 1995-இல் டிசி2 இன்டெக்ரா டைப் ஆர், 1.8 லிட்டர் பி18சி, 200 குதிரை. 1997-இல் ஈகே9 சிவிக் டைப் ஆர், பி16பி எஞ்சின், 8,200 சுற்றில் 185. எல்லாம் அண்ணன் தம்பி எஞ்சின்கள்தான், போல்ட் துளைகூடப் பல இடங்களில் ஒத்துப்போகும். ஆனால் பிஸ்டன் காற்றை அழுத்தும் மடங்கான கம்ப்ரெஷன் வேறு (170 குதிரை பி16ஏவில் 10.4, பி16பியில் 10.8, ஜப்பான் டைப் ஆர் பி18சியில் 11.1), வால்வைத் திறக்கும் கேம் வேறு, இன்டேக் வேறு. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டவணை, தனித்தனி கம்ப்யூட்டர்.

எந்தக் கம்ப்யூட்டர் எதற்கு என்று பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளில் தெரியும். எண் 37820 என்று ஆரம்பிக்கும், அதை அடுத்து வரும் மூன்று எழுத்துதான் விஷயம். எஸ்ஐஆர் ஈஜி என்றால் பீ30. ஒற்றைக் கேம் விடெக் சிவிக் என்றால் பீ28. விடெக் இல்லாத அடிமட்ட சிவிக்கில் பீ06. டைப் ஆர் இல்லாத 1.8 விடெக் இன்டெக்ராவுக்குப் பீ72, டைப் ஆர் இன்டெக்ராவுக்குப் பீ73, ஈகே9-க்குப் பீசீடி. (தமிழில் எழுதினால் எஞ்சின் எழுத்தும் கம்ப்யூட்டர் எழுத்தும் ஒரே மாதிரி வந்து நிற்கும், அதனால் எஞ்சினுக்குக் குறில், கம்ப்யூட்டருக்கு நெடில் என்று வைத்துக்கொண்டேன்.)

சரி, ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்ட என்ன தடை? முதல் தடை கண்ணுக்குத் தெரிவது, ப்ளக். ஹோண்டாவில் கோளாறு கண்டறியும் முறையின் பெயரால் ஓபிடி0, ஓபிடி1, ஓபிடி2 என்று மூன்று தலைமுறை. அமெரிக்கச் சந்தைக் கணக்கில் 1988 முதல் 91, 92 முதல் 95, 96-க்குப் பிறகு என்று பிரிப்பார்கள், ஆனால் நமக்கு வருவது ஜப்பான் கார், ஆகவே ஆண்டை நம்பாமல் ப்ளக்கின் வடிவத்தைப் பாருங்கள். ஒரு தலைமுறைப் பெட்டி அடுத்த தலைமுறை ஒயரிங்கில் நேராக உட்காராது. இதற்கு நடுவில் மாட்டும் ஜம்பர் ஒயர் செட் விற்கிறார்கள், அதை வாங்கி மாட்டினால் உட்கார்ந்துவிடும், காரும் ஸ்டார்ட் ஆகும். இங்கேதான் பலரும் “முடிஞ்சிருச்சு” என்று நினைத்து லிந்தாங் சாலையில் மிதிக்கக் கிளம்புகிறார்கள். ப்ளக் உட்கார்ந்துவிட்டது என்றால் கரண்ட் போகிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

இரண்டாவது தடை, அந்தக் கம்ப்யூட்டர் எதிர்பார்க்கும் சாமான்கள் காரில் இருக்கின்றனவா என்பது. விடெக் இல்லாத ஈஜி பாடியில் பி16ஏ எஞ்சினை இறக்கிப் பீ30 மாட்டுகிறீர்கள் என்று வையுங்கள். பழைய ஒயரிங்கில் விடெக்குக்கான ஒயரே இருக்காது. விடெக் சொலினாய்டுக்கு (விடெக்கின் ஆயில் வழியைத் திறக்கும் மின்வால்வு) ஒரு ஒயர் இழுத்து ஈசியு ப்ளக்கின் ஏ4 இடத்தில் சொருக வேண்டும், விடெக் ஆயில் பிரஷர் சுவிட்சுக்கு ஒன்று டி6-இல், நாக் சென்சர் (எஞ்சின் தட்டும் சத்தத்தைக் கேட்பது) உள்ள வகையானால் டி3-இல் இன்னொன்று. இது ஓபிடி1 ப்ளக்கின் கணக்கு, மற்ற தலைமுறைக்கு இடம் மாறும். இழுக்காமல் விட்டால் விளக்கு எரியும், விடெக் திறக்காது, கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காகச் சுற்றையும் கட்டுப்படுத்திவிடும், அப்புறம் “எஸ்ஐஆர் எஞ்சின் போட்டும் பழைய காரை விட ஸ்லோவா இருக்கு” என்று புலம்பல். இதில் இன்னொரு விஷயமும் உண்டு. எல்லா ஒயரும் சரியாக இருந்தாலும் விடெக் நின்ற இடத்தில் திறக்காது; தண்ணீர் சூடாகியிருக்க வேண்டும், கார் நகர வேண்டும், லோடு இருக்க வேண்டும், ஆயில் அழுத்தம் வர வேண்டும். வாசலில் நிறுத்தி வைத்து முறுக்கிப் பார்த்துவிட்டு விடெக் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், பக்கத்து வீட்டாரும் பாவம். ஸ்பீட் சென்சர் ஒயரை மறந்துவிட்டால் ரோட்டிலும் இதே கதைதான்.

பீ72 போட்டால் வேறு சிக்கல். அந்த 1.8 எஞ்சினின் இன்டேக்கில் சுற்று ஏறும்போது திறக்கும் இரண்டாவது கதவு வரிசை உண்டு, அதையும் கம்ப்யூட்டர்தான் திறக்கிறது. பி16ஏவில் அந்தக் கதவே கிடையாது. டைப் ஆர் பி18சியிலும் கிடையாது, அதனால் பீ73-க்கு அந்தக் கவலை இல்லை.

இன்ஜெக்டர் விஷயத்தில் மட்டும் விளையாடவே கூடாது. பழைய ஹோண்டா இன்ஜெக்டர்கள் பலவற்றில் மின்தடை குறைவு, 2 ஓம் பக்கம், அதற்காக எஞ்சின் அறையில் ரெசிஸ்டர் பாக்ஸ் என்று ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்பார்கள். பிந்தியவை 10 ஓமுக்கு மேல், அதற்குப் பெட்டி தேவையில்லை. குறைந்த ஓம் இன்ஜெக்டரை ரெசிஸ்டர் பாக்ஸ் இல்லாத ஒயரிங்கில் மாட்டினால் அளவுக்கு மீறிய கரண்ட் ஈசியு வழியாகப் பாயும், உள்ளே இன்ஜெக்டரை ஓட்டும் டிரான்சிஸ்டர் கருகிவிடும். மல்டிமீட்டரை வைத்து இன்ஜெக்டரின் இரண்டு முனையையும் அளந்து பார்க்க அதிக நேரம் ஆகாது, அந்தச் சோம்பலில் நல்ல பெட்டி எத்தனையோ வெந்துபோயிருக்கின்றன. அளவும் பார்க்க வேண்டும். பி16ஏ இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 240 சிசி விடும், பிரெலூட் எச்22 எஞ்சினுடையது 345. அட்டவணை 240-ஐ நினைத்து எழுதியது, நீங்கள் 345-ஐ மாட்டினால் அது அதே மில்லிசெகண்டுதான் திறக்கும், பெட்ரோல் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் கொட்டும். பின்னால் கரும்புகை, ஸ்பார்க் ப்ளக்கெல்லாம் கரி.

மூன்றாவது தடைதான் யாரும் பேசாதது, அட்டவணையே பொருந்தாமல் போவது. இதில் விளக்கு எரியாது, கோளாறு கோட் வராது, எல்லா சென்சரும் நன்றாகவே இருக்கும். ஒற்றைக் கேம் காரின் பீ28-ஐ அப்படியே வைத்துக்கொண்டு பி16ஏவை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஓடத்தான் செய்யும். ஆனால் அந்தப் பெட்டியின் சொந்த எஞ்சினுக்குச் சிவப்புக் கோடு 7,200, அதைக் கொஞ்சம் தாண்டியதும் பெட்ரோலை வெட்டிவிடும். பி16ஏவுக்கோ முழுச் சக்தி வருவதே 7,800-இல். எதற்காக அந்த எஞ்சினை வாங்கினீர்களோ அந்த இடத்துக்குப் போகவே விடாது.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம், ஈகே (ஈஜிக்கு அடுத்த தலைமுறை) சிவிக் எஸ்ஐஆரில் டைப் ஆரின் பீசீடி. ப்ளக் தலைமுறை ஒன்று, சென்சர்களும் ஏறத்தாழ அதே, ஆகவே மாட்டியதும் ஒழுங்காக ஓடும். அட்டவணை மட்டும் பெரிய கேமுக்கும் 10.8 கம்ப்ரெஷனுக்கும் எழுதியது. விடெக் மாறும் இடம் பெரிய கேமுக்காக மேலே தள்ளி வைத்தது, அதனால் சின்னக் கேம் உள்ள பி16ஏவில் மாற வேண்டிய இடம் தாண்டிப் போய்த்தான் மாறும், நடுவில் ஒரு தொய்வு தெரியும். சுற்றின் எல்லை கொஞ்சம் மேலே போகும், அந்த உயரத்தில் அந்தக் கேமுக்கு மூச்சு இருக்காது, சத்தம் மட்டும்தான் கூடும். பையன்கள் சத்தத்தைச் சக்தி என்று நினைக்கிறார்கள். 185 குதிரை வந்தது கம்ப்யூட்டரால் இல்லை, கேம், பிஸ்டன், ஹெட் இவற்றால். கம்ப்யூட்டர் அவற்றுக்கேற்பப் பெட்ரோல் விட்டது, அவ்வளவுதான்.

எஞ்சின் போகிற கதை பெட்ரோலில் இருக்கிறது. ஜப்பானில் சாதாரணப் பெட்ரோல் ரோன் (ஆக்டேன் எண், பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு) 90-ஐ ஒட்டி இருக்கும், ஹை ஆக்டேன் என்று விற்பது 100-ஐ ஒட்டி. எஸ்ஐஆர், டைப் ஆர் எல்லாம் அந்த ஹை ஆக்டேனுக்குத்தான் ட்யூன் செய்யப்பட்டவை. நாம் எண்ணெய் நிலையத்தில் ஊற்றுவது ரோன் 95, மனசு வந்தால் 97. ஆக்டேன் குறைந்த பெட்ரோலில், ஸ்பார்க் முன்கூட்டியே அடிக்கும் அட்டவணையோடு, மத்தியான வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு நான்கு பேரோடு மலையேறினால், எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னால் பெட்ரோல் தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங், டப்பாவில் கோலிக்குண்டு உருளும் சத்தம். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் ரிங் உடையும், பிஸ்டனின் தலை அரிக்கும். நாக் சென்சர் இருந்தால் கம்ப்யூட்டர் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும். ஆனால் ஜப்பான் பீ30-இல் நாக் சென்சரே கிடையாது, அமெரிக்கப் பீ30-இல் உண்டு. ஒரே எண், ஒரே பெட்டி, ஒன்றுக்குக் காது இருக்கிறது, மற்றதற்கு இல்லை. பெரிய ஸ்பீக்கர் வைத்திருக்கும் காரில் உங்களுக்கும் கேட்காது. 97 ஊற்றுங்கள், பக்கத்தில் ரோன் 100 கிடைத்தால் அதை ஊற்றுங்கள், காசு கட்டுப்படியாகவில்லை என்றால் ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு எழுதிய அட்டவணைக்குப் போங்கள்.

எழுதலாமா என்றால் எழுதலாம், பீ28-க்கு இவ்வளவு மவுசு அதனால்தான். ஓபிடி1 பெட்டியின் போர்டில் ஒரு சாக்கெட்டைச் சால்டர் செய்து 32 கிலோபைட் மெமரி சிப் ஒன்றைச் சொருகிவிட்டால் அட்டவணையை நம் எஞ்சினுக்கு ஏற்ப மாற்றி எழுத முடியும். ஓபிடி2 பெட்டியில் இது சுலபம் இல்லை, அதனால்தான் ஈகே வைத்திருப்பவர்களும் ஜம்பர் ஒயர் போட்டுப் பழைய பெட்டிக்கு இறங்கி வருகிறார்கள். பெயர் என்னவோ ஒற்றைக் கேம் கம்ப்யூட்டர், உள்ளே எழுதியிருப்பது உங்கள் எஞ்சினுக்கானது. என்னைக் கேட்டால் டைப் ஆர் லேபிளுக்குக் கொடுக்கும் காசை இதற்கும், டைனோவில் (காரின் சக்தியை அளக்கும் மேடை) உட்கார்ந்து எக்ஸாஸ்ட்டை அளந்து ட்யூன் செய்கிற ஆளுக்கும் கொடுப்பேன். இணையத்தில் கிடைத்த அட்டவணையைச் சிப்பில் ஏற்றிக் கொடுத்துவிட்டு “ட்யூன் பண்ணியாச்சு” என்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள், அதுவும் அடுத்தவன் செக்ரோல்தான்.

எஞ்சினையே மாற்றப் போகிறீர்கள் என்றால் வழி இன்னும் எளிது. ஹாஃப்கட் கடையில் எஞ்சின் கோசோங் (எஞ்சின் மட்டும்) கேட்காதீர்கள், எஞ்சின், ஒயரிங், ஈசியு, ரெசிஸ்டர் பாக்ஸ், ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் ஒரே காரிலிருந்து வந்த முழு செட்டாக வாங்குங்கள். கொஞ்சம் கூடத்தான் ஆகும், பின்னால் ஒவ்வொன்றாகத் தேடி அலைவதைவிட மலிவு. ஜப்பான் பெட்டி 180 கிலோமீட்டர் வேகத்தில் வெட்டும் என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சாலையில் அது ஒரு குறையே இல்லை. எஞ்சின் எண் மாறினால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) சொல்லி, ஆய்வுக்குக் காட்டி, கிராண்டில் (வாகன உரிமைப் பத்திரம்) மாற்ற வேண்டும், இன்சூரன்ஸுக்கும் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குள் ஓட்டுகிற கார்தானே என்று விட்டால் ரோட் பிளாக்கில் நிற்கும்போது தெரியும்.

மாட்டிய பிறகு பார்க்க வேண்டியவை. சாவியைத் திருப்பினால் செக் எஞ்சின் விளக்கு இரண்டு விநாடி எரிந்து அணைய வேண்டும், அதே நேரம் பின்னால் பெட்ரோல் பம்ப் முனகி நிற்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் உடனே ஈசியு போச்சு என்று ஃபோமன் (மெக்கானிக்) சொன்னாலும் நம்பாதீர்கள், முதலில் மெயின் ரிலேயை (ஈசியுவுக்கும் பம்புக்கும் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்) பாருங்கள். பழைய ஹோண்டாவில் அதன் உள்ளே சால்டர் விரிசல் விடும், மத்தியானம் வெயிலில் நின்ற கார் ஸ்டார்ட் ஆகாது, சாயங்காலம் ஒன்றும் நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும். நல்ல கம்ப்யூட்டர்கள் பாதி இந்த ரிலேயின் பாவத்தைச் சுமந்துதான் குப்பைக்குப் போகின்றன. அடுத்தது எர்த், தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் வரும் எர்த் ஒயர் துருப்பிடித்தாலோ, எஞ்சின் இறக்கியபோது மாட்ட மறந்தாலோ, சென்சர்கள் எல்லாம் பைத்தியக்காரத்தனமாகப் பேசும்.

விளக்கு அணையாமல் எரிந்தால் டேஷ்போர்டுக்கு அடியில் இரண்டு ஒயர் உள்ள ஒரு சின்ன ப்ளக் இருக்கும், அதன் இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள், விளக்கு மினுக்கும். நீளமாக ஒன்று மினுக்கினால் பத்து, குட்டையாக மினுக்கினால் ஒன்று. இரண்டு நீளம் ஒரு குட்டை என்றால் 21, விடெக் சொலினாய்டு. 22 ஆயில் பிரஷர் சுவிட்ச், 23 நாக் சென்சர். ஸ்கேனர் வேண்டாம், காசு வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டியிருந்தால் அதே ப்ளக்கைச் சேர்த்து வைத்துக்கொண்டு டைமிங் லைட்டில் பார்த்து, பி16ஏவுக்கு 16 டிகிரியில் நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் விட்டால் அட்டவணை எவ்வளவு சரியாக இருந்தாலும் எல்லா எண்ணும் சில டிகிரி தள்ளியே விழும்.

ஆட்டோ கியர் காரில் சிலவற்றில் கியர்பாக்ஸை நடத்துவதும் இதே பெட்டிதான், அங்கே மேனுவல் கம்ப்யூட்டரைப் போட்டால் கியர் மாறாது. பிந்திய கார்களில் சாவிக்குள் சிப் இருக்கும், வேறு பெட்டியை மாட்டினால் அதற்குச் சாவியை அடையாளம் தெரியாது, ஸ்டார்ட் ஆகாமலோ ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்தோ போகும். அங்கே பெட்டியும் சாவியும் சேர்த்தே வாங்க வேண்டும். ஹோண்டா இல்லாத கார்களிலும் இதே மூன்று கேள்விதான் (ப்ளக், சாமான், அட்டவணை), பதில் மட்டும் மாறும். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் 1.6 எஞ்சினுக்குக் காற்றை அளப்பது காற்று தள்ளித் திறக்கும் ஒரு மடல், 1.8-க்கு அளப்பது சூடான கம்பி. கம்ப்யூட்டரை மட்டும் மாற்றிவிட்டு மீட்டரை விட்டுவிட்டால் அது சொல்லும் காற்றுக் கணக்கு முழுக்கத் தப்பு.

வாங்கும்போது கடையிலேயே நான்கு ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் திறந்து பாருங்கள். வெளியே ஸ்டிக்கர் மாற்றி ஒட்டுவது பெரிய வேலை இல்லை, டைப் ஆர் ஸ்டிக்கருக்குத்தான் காசு அதிகம். போர்டில் வெள்ளை அல்லது பச்சைப் படிவு இருந்தால் வெள்ளத்தில் இருந்த கார். கெப்பாசிட்டர் அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தால் வயதாகிவிட்டது, அதை மாற்றிக்கொள்ளலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். இன்ஜெக்டர் டிரான்சிஸ்டர் பக்கம் கருகின வாடை வந்தால் மூடியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திறந்து பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.